சண்டே மார்க்கெட்டில் கிடைத்த பழைய பிரெஞ்சு போலீஸ் தாள்கள்: முகம் தெரியப் போடலாமா?

கடிலக்கரை (கடலூர்):

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி போயிருந்தேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பையனுக்குச் செருப்பு வாங்கத்தான் போனது. வழக்கம்போல, பழைய புத்தகம் பரப்பியிருக்கும் இடத்தில் கால் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் சாக்கைக் கவிழ்த்தார். கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய பஞ்சாங்கம், இவற்றோடு சணல் கயிறு போட்ட தாள்கட்டு ஒன்றும் விழுந்தது. 19 தாள். எல்லாம் பிரெஞ்சு. ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் ஒரே ஆளின் இரண்டு படங்கள் ஒட்டியிருக்கின்றன. நேரே பார்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கீழே விரல் ரேகைகள். தேதிகள் 1934இல் தொடங்கி 1938 வரை போகின்றன.

300 சொன்னார், 180க்குக் கொடுத்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, “முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிச்சாங்க, அங்க எடுத்தது” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

பெரும்பாலும் மேல்சட்டை இல்லாத ஆட்கள். ஒருவர் காதில் கடுக்கன். ஒரு பையனுக்கு மீசைகூட அரும்பவில்லை. ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கிறார். போலீஸ் படத்தில் எதற்குச் சிரித்தாரோ, மூன்று நாளாக அந்த முகம் என்னை விடமாட்டேன் என்கிறது.

இது என்ன தாள், எப்படிப் பத்திரப்படுத்துவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 19ஐயும் ஸ்கேன் செய்து பெயரோடு இங்கேயே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். யாராவது தன் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்தால் நல்லதுதானே?

லிசே பழைய மாணவன் (புதுச்சேரி):

பெயர் இருக்கும் இடத்தை மறைத்து ஒரு தாளை மட்டும் தனிச்செய்தியில் அனுப்பியதற்கு நன்றி. படித்தேன்.

மேலே பெரிதாக இருக்கும் சொல் ‘சிஞால்மான்’. ஆளின் உருவ விவரம். அதற்குக் கீழே உயரம், நெற்றி, கண், மூக்கு, காது என்று வரிசையாகப் போகிறது. கடைசிக் கட்டம் ‘சிஞ் பர்த்திகுலியே’, நம் பள்ளிச் சான்றிதழில் போடுவோமே, அங்க அடையாளம், அதுதான். இந்த ஆளுக்கு ‘இடது புருவத்துக்கு மேல் பழைய வெட்டுத் தழும்பு’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த முறைக்கு அப்பன் அல்போன்ஸ் பெர்த்தியோன். பாரிஸ் போலீசில் சாதாரண எழுத்தராகச் சேர்ந்தவர். பிடிபட்டவன் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் சொன்னால் பழைய குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை நம்பாதே, எலும்பை நம்பு என்று 1880களில் ஆரம்பித்தார். தலையின் நீளம், அகலம், நடுவிரல், பாதம், முழங்கை முதல் விரல்நுனி வரை, எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து அட்டையில் எழுதினார். படம் எடுப்பதற்கும் கணக்கு உண்டு. வெளிச்சம், தூரம், நாற்காலி எல்லாம் ஒரே மாதிரி. பக்கவாட்டுப் படத்தில் வலது காது தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் ஒருவர் காது இன்னொருவருக்கு இருக்காது என்பது அவர் கட்சி. உங்கள் 19 படத்திலும் வலது காது தெரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

கடிலக்கரை:

19லும் வலது காதுதான்! ஒருவர் குடுமியை ஒதுக்கிக் காட்டியிருக்கிறார்.

வைசியாள் வீதி:

அப்போதைய ஆதார் என்று சொல்லுங்கள்.

லிசே பழைய மாணவன்:

ஆதார் போல என்றால் கீழே இருக்கும் ரேகைதான். அது நம் நாட்டுச் சரக்கு. 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே தனி அலுவலகம் வந்துவிட்டது. எட்வர்ட் ஹென்றி பெயரில் ஓடுகிற அந்த வகைப்பாட்டுக்கு உண்மையில் மூளையைக் கசக்கியவர்கள் அசீசுல் ஹக்கும் ஹேம் சந்திர போசும். பெர்த்தியோனுக்கு அளவுகள்மேல் இருந்த பற்று கடைசிவரை போகவில்லை, ஆனாலும் பிரெஞ்சுப் போலீஸ் ரேகையையும் சேர்த்துக்கொண்டது. உங்கள் தாளில் இரண்டும் ஒன்றாக இருப்பது அதனால்தான்.

ரோதியே மில் பேரன் (முதலியார்பேட்டை):

ஐயா, 1936ஆம் வருடத் தாள்கள் எத்தனை? என் தாத்தா சவானா மில்லில் தறி ஓட்டியவர். அந்த வருட மில் வேலைநிறுத்தத்தில், ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். தாத்தா உயிரோடு தப்பினார், ஆனால் அதற்குப் பிறகு ஆறேழு மாதம் எங்கே இருந்தார் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. “உள்ள வெச்சிருந்தாங்க” என்று பாட்டி சொல்லும், “காட்டுமன்னார்கோயில் சொந்தக்காரர் வீட்டில் ஒளிஞ்சிருந்தார்” என்று பெரியப்பா சொல்லுவார். பெயர் ராமசாமி என்று தொடங்கும்.

கடிலக்கரை:

1936இல் நான்கு தாள். மூன்று ஜூலைக்கு முந்தியவை. ஒன்று மட்டும் அந்த வருட ஆகஸ்ட். தொழில் ‘திஸ்ஸரான்’ என்று இருக்கிறது, அகராதியில் பார்த்தேன், நெசவாளி. காரணம் என்ற இடத்தில் ‘வோல்’, திருட்டு. பெயர் உங்கள் தாத்தா பெயர் இல்லை. நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கே கை நடுங்கிவிட்டது தம்பி.

ரோதியே மில் பேரன்:

பரவாயில்லை ஐயா. ஆனால் ஆகஸ்ட் 36இல் ஒரு நெசவாளிமேல் திருட்டு என்று எழுதினால் அதை அப்படியே நம்பச் சொல்கிறீர்களா? சங்கம் கட்டியவனை வேறு வழக்கில் எழுதுவது எந்த ஊர்ப் போலீசுக்கும் கைவந்த வித்தை. அடுத்த ஏப்ரலில்தானே எட்டு மணி நேர வேலை சட்டமானது? அதற்குள் எத்தனை பேரை எப்படியெல்லாம் எழுதினார்களோ.

லிசே பழைய மாணவன்:

தம்பி, சந்தேகம் நியாயம். ஆனால் ஒரு தாளையும் ஒரு தேதியையும் வைத்துக்கொண்டு அவரைத் தியாகி ஆக்கவும் முடியாது, திருடன் ஆக்கவும் முடியாது.

தாத்தாவைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பிரெஞ்சில் இரண்டு உயிர் ஒலிக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் வேறு ஒலியாகிவிடும். அதனால் ராமசாமி என்று எழுத இரண்டு எஸ் போடுவார்கள். நம் ‘உ’வுக்கு இரண்டெழுத்து. அப்புறம் 1881ஆம் வருட ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய ‘ரெனோன்சான்’ குடும்பமா என்று வீட்டில் கேளுங்கள். அப்படியென்றால் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருக்கும், ‘எத்தா சிவில்’ என்ற பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

எழும்பூர் வாசகி (சென்னை, பிறந்த ஊர் பாகூர்):

நான் ஆறு வருடமாக எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து போலீஸ் காகிதம் படிக்கிறவள். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன்.

நல்லது என்னவென்றால், போலீஸ் அளவுக்குப் பொறுமையாக யாரும் எழுதி வைத்ததில்லை. பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்ய முடியாது, அதனால் சென்னை சிஐடி மஃப்டியில் ஆட்களை அனுப்பி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தது. ரயிலடியில் ஆள், வீட்டு எதிரில் ஆள். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கெடுபிடி பல மடங்கு. யார் எந்த வீட்டுக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பதை நண்பர்கள் நினைவுக்குறிப்பில்கூட இவ்வளவு துல்லியமாக எழுதவில்லை. பாரதியின் அசல் புகைப்படங்கள் என்று நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்துதான். காகிதமோ கட்டுக்கட்டாக இருக்கிறது.

கெட்டது: ஒற்றனுக்குச் சம்பளம் அறிக்கைக்குத்தான். ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு மாதம் எழுதினால் அடுத்த மாதம் வேலை இருக்காது. அதனால் நடக்காததும் நடந்ததாகும். ஐயர் வீட்டுக் கிணற்றில் நடந்தது இந்த ஊரில் பலருக்குத் தெரியும். தண்ணீர் இறைக்கும்போது ஒரு ஜாடி வந்தது, திறந்தால் உள்ளே ராஜத்துரோகத் துண்டறிக்கைகளும் காளி படமும். வைத்தவர்கள் போலீசின் கையாட்கள். பாரதி சொன்ன யோசனைப்படி ஐயர் தரப்பினரே முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் நாந்தோ என்ற நீதிபதி அரவிந்தர் வீட்டைச் சோதனை போட வந்தார். மேசையில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து வியந்து மரியாதையோடு திரும்பிப் போனார். அந்த ஜாடியில் இருந்தது மட்டும் இன்று ஒரு கோப்பில் ‘சாட்சி’ என்று நம் கைக்குக் கிடைத்திருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்?

அதனால் போலீஸ் தாளில் தேதியை நம்பலாம், தழும்பை நம்பலாம், ‘காரணம்’ என்ற கட்டத்தைப் பார்த்தால் மட்டும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

கேப்பர்மலை (கடலூர்):

நம்ம ஊரை விட்டுவிட்டீர்களே அக்கா. 1918 நவம்பர் 20ஆம் தேதி பாரதி எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் கால் வைத்ததும் பிடித்தார்கள். டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறை. எழுதுவதைப் போலீசிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விட்டார்கள். பத்து வருடம் விட்டுப் பிடித்திருக்கிறார்கள்.

சரி, என் கேள்வி வேறு. பாரதியைப் பற்றிய போலீஸ் காகிதத்தைப் பெயரோடு புத்தகமாகப் போடுகிறோம், வாங்கிப் படித்துப் பெருமைப்படுகிறோம். இந்த 19 பேருக்கு மட்டும் ஏன் பெயரை மறைக்க வேண்டும்? கூலிக்காரன் பெயரைப் போலீஸ் ஒருவன்தான் எழுதி வைத்தான். அதையும் நாம் கறுப்பு மை போட்டு அழித்தால் அவனுக்கு என்ன மிச்சம்? கடிலக்கரை அண்ணன் சொன்னது சரி. பெயரோடு போடுங்கள்.

வைசியாள் வீதி:

கேப்பர்மலை சொல்வது சரிதான். 90 வருடம் ஆகிவிட்டது.

செல்லூர்ப் பேத்தி (வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டவள்):

எனக்கு இது சரியாகப் படவில்லை. பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மதுரைப் பக்கம். எங்கள் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள், குற்றப்பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே போட்டார்கள், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் ஆட்கள் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் பிறந்தாலே போதும், ரேகை வைக்க வேண்டும். வைக்கமாட்டோம் என்றதற்கு 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டார்கள். 1947இல் சட்டம் போய்விட்டது. பெயர் போகவில்லை. என் அப்பா காலேஜில் படிக்கும்போது விடுதியில் ஒரு கைக்கடிகாரம் காணோம் என்றால் முதலில் அவர் பெட்டியைத்தான் திறந்தார்களாம்.

பாரதி பெயர் வெளியே வந்தால் அவர் குடும்பத்துக்குப் பெருமை. உங்கள் தாளில் ‘திருட்டு’ என்று இருக்கும் ஒருவர் பெயரையும் ஊரையும் போட்டால், அதே தெருவில் இன்னும் பேரன் இருப்பார். பாண்டி என்ன லண்டனா? முத்தியால்பேட்டையில் ஒரு குடும்பப் பெயரைச் சொன்னால் நான்கு பேர் வீடு காட்டுவார்கள். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் இந்த இழையைப் படிக்கமாட்டார்கள் என்று யாராவது எழுதிக் கொடுப்பீர்களா?

கேப்பர்மலை:

மன்னிக்கணும் அக்கா. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனாலும் மறைத்தால், பேரனே வந்து தேடினாலும் கிடைக்காதே? ரோதியே மில் பேரன் தம்பி மாதிரி.

செல்லூர்ப் பேத்தி:

தேடி வருகிறவருக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கே போஸ்டர் ஒட்டாதீர்கள் என்கிறேன்.

பெல்வில் தமிழன் (பாரிஸ்):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீட்டுப் பிள்ளை நான், அப்பா ரெத்ரேத் (பிரெஞ்சு ஓய்வூதியம்) வாங்கியவர். இங்கே பிரான்சில் போலீஸ் விசாரணைக் காகிதம் 75 வருடம் ஆனால் பொதுவில் திறந்துவிடுவார்கள். ஆனால் சிறுவர்கள் சம்பந்தப்பட்டது என்றால் 100 வருடம். மீசை அரும்பாத பையன் என்றீர்களே, அவன் தாள் என்ன தேதி?

கடிலக்கரை:

1937. வயது 15 என்று இருக்கிறது.

பெல்வில் தமிழன்:

அப்படியானால் அந்தக் கணக்கில் 2037 வரை அவனை விட்டுவிட வேண்டும். ஒரு யோசனை. மூட்டையாகக் கட்டி எனக்கு அனுப்பிவிடுங்கள். பிரெஞ்சு இந்தியக் கோப்புகள் நிறைய எக்ஸான்புரோவான்ஸ் ஊரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில்தான் உள்ளன. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிறேன், கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

பழைய ரெக்கார்டு ரூம் (ஓய்வு, புதுச்சேரி):

கடிலக்கரை தம்பி, தபாலில் போட்டுவிடாதீர்கள்! இதற்காகத்தான் பாஸ்வேர்டைத் தேடி எடுத்து உள்ளே வந்தேன்.

1993ஆம் வருடப் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும். பொது ஆவணத்தை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோனாலும் அழித்தாலும் ஐந்து வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரெஞ்சுக்காரன் எழுதிய காகிதம் நம் யூனியன் பிரதேசத்தின் ஆவணமா என்று வக்கீல்கள் வாதாடலாம். 75 வருடத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிக்குத் தொல்பொருள் சட்டம் வேறு இருக்கிறது. 180 ரூபாய்க்கு வாங்கிய கட்டுக்கு அந்த வம்பு எதற்கு? லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று எழுதிக் கடிதத்தோடு கொடுங்கள். அந்தப் பெரியவர் சொன்ன முத்தியால்பேட்டை வீட்டு விவரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத காகிதத்துக்குப் பாதி உயிர்தான்.

அதுவரை வீட்டில் வைத்திருக்கும்போது: லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு அதிகாரி ஆர்வக்கோளாறில் நாற்பது பழைய படங்களை லேமினேட் செய்தார். அவை இப்போது பிளாஸ்டிக்குக்குள் புழுங்கிக்கொண்டிருக்கின்றன, பிரிக்க முடியாது. செல்லோடேப் கூடாது. சணல் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், ஓரத்தை அறுக்கும். படத்தின்மேல் விரல் படக்கூடாது. ஒட்டியிருக்கும் படத்தைப் பெயர்த்து எடுக்காதீர்கள். தாளுக்குத் தாள் நடுவில் அமிலமில்லாத காகிதம் வைக்க வேண்டும், கிடைக்கும்வரை நல்ல வெள்ளைக் காகிதம் வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம். பரணில் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். தானே புயலன்று நான் பார்த்தது போதும். கூரை ஓடு பறந்த ஒரு வீட்டில் மூன்று பெட்டி நொத்தேர் (நோட்டரி) பத்திரம் கஞ்சியாகிவிட்டது. வெயிலில் காயவைத்தார்கள், மிச்சமிருந்த மையும் போனது. நனைந்தால் நிழலில், காற்றோட்டத்தில்.

ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ, ஓரம் வெட்டாமல், வண்ணத்தில். முக்கியமாகப் பின்பக்கத்தையும். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

பெல்வில் தமிழன்:

சரிங்க ஐயா, யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜீவானந்தபுரமே நல்லது.

கடிலக்கரை (ஐந்து நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. அம்மா ஒரே வரியில் முடித்தார்கள்: “உன் தாத்தாவை மட்டும் இப்படிச் சட்டையில்லாமப் போட்டா சும்மா இருப்பியா?” என் தாத்தாவும் 1950 வாக்கில் எல்லை வழியாகக் கடிகாரம் கடத்தி இரண்டு தடவை மாட்டியவர்தான். பிரெஞ்சுப் பாண்டிக்கும் இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் போன பிறகு கடலூர்க்காரர்கள் பாதிப் பேருக்கு அதுதானே தொழில். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். வெளியே யாராவது சொன்னால் சிரிப்போமா, தெரியவில்லை.

அதனால் இங்கே பெயரும் முகமும் போடப்போவதில்லை. தேதி, தொழில், வயது, காரணம், அங்க அடையாளம் மட்டும் அட்டவணையாகப் போடுகிறேன். குடும்பப் பெயரைச் சொல்லித் தனிச்செய்தியில் கேட்கிறவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறேன். மூலத்தை அடுத்த வாரம் ஜீவானந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறேன், கடிதம் எழுதிவிட்டேன். சிரிக்கிற மனிதரைக் காட்டமுடியாதது எனக்கு வருத்தம்தான். அவர் தொழில் மீனவர், வயது 41, காரணம் என்ற கட்டம் காலி.

இன்னொரு விஷயம். ரெக்கார்டு ரூம் ஐயா சொன்னபடி பின்பக்கம் திருப்பினேன். 19இல் 11 தாளின் முதுகில் பென்சிலால் தமிழில் பால் கணக்கு! ‘ஐப்பசி 3, அரைப்படி. 4, அரைப்படி. 5, இல்லை.’ மாதக்கணக்கில் போகிறது. போலீசில் எழுத்தராக இருந்த யாரோ பழைய தாளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும், முதுகு வெள்ளையாக இருந்ததால் வீட்டம்மா விடாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். என் ஊகம்தான்.

எழும்பூர் வாசகி:

தாள் பிழைத்ததே அந்தப் பால் கணக்கால்தான் இருக்கும்! இல்லாவிட்டால் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும். தீபாவளி வாரத்தில் பால் கூடுகிறதா, பாருங்கள்.

கடிலக்கரை:

கூடுகிறது. ஐப்பசியில் மூன்று நாள் ஒரு படி. இந்தப் பக்கங்களை மட்டும் அப்படியே போட்டுவிடட்டுமா?

செல்லூர்ப் பேத்தி:

தாராளமாக. பால்காரர் பெயர் இருக்கிறதா?

கடிலக்கரை:

இருக்கிறது. ‘தண்ணி’ என்று பக்கத்திலேயே நான்கு இடத்தில் எழுதியும் இருக்கிறது.

செல்லூர்ப் பேத்தி:

அப்போ அவர் பெயரையும் மறைத்துவிடுங்கள் அண்ணா.